பிஎஸ்5-க்கு ஒரே ஒரு சண்டை கேம்: எதை வாங்கலாம்?

மற்ற கேம்களை வாங்குவதற்கும் சண்டை கேம் வாங்குவதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சாகச கேம் என்றால் முப்பது, நாற்பது மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். டிஸ்க்கை யாருக்காவது கைமாற்றிவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். சண்டை கேமுக்கு முடிவே கிடையாது. பிடித்துப்போனால் வருஷக்கணக்கில் அதிலேயே கிடப்போம், பிடிக்காவிட்டால் ஒரே வாரத்தில் மூலைக்குப் போய்விடும். முழு விலை கொடுத்து வாங்கியது மூலையில் கிடந்தால் வயிறு எரியத்தான் செய்யும்.

இப்போது வாங்க நினைப்பவர் முன்னால் இருக்கும் பெரிய பெயர்கள் மூன்று. கேப்காமின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ஜூன் 2023-இல் வந்தது. நெதர்ரெல்ம் ஸ்டுடியோவின் மார்ட்டல் காம்பாட் 1 அதே ஆண்டு செப்டம்பரில். பாண்டாய் நாம்கோவின் டெக்கன் 8 ஜனவரி 2024-இல். மூன்றும் பார்க்க அழகாகவே இருக்கின்றன, மூன்றும் விநாடிக்கு 60 ஃபிரேமில், அதாவது 60 படங்களாக, வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. அதனால் கிராஃபிக்ஸை வைத்து முடிவெடுக்க நினைத்தால் எங்கும் போய்ச் சேர மாட்டோம்.

நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் வேறு. சண்டை கேமுக்குப் புதிதாக வருபவர் முதலில் செய்யப்போவது தோற்பதுதான். ஆன்லைனுக்குப் போன முதல் நாளே வரிசையாகத் தோற்போம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தோற்ற பிறகு 'எதனால் தோற்றேன்' என்று நமக்குத் தெரிகிறதா? தெரிந்தால் அடுத்த மேட்ச் ஆடத் தோன்றும். தெரியாவிட்டால் கன்ட்ரோலரை வைத்துவிட்டுப் போய்விடுவோம். இந்தக் கேள்விக்கு மூன்று கேம்களும் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன.

ஸ்ட்ரீட் ஃபைட்டரிலிருந்து தொடங்கலாம். இதன் முதுகெலும்பு 'டிரைவ்' மீட்டர். உயிர்ப்பட்டைக்குக் கீழே ஆறு கட்டங்கள், ரவுண்டு தொடங்கும்போதே முழுசாக நிரம்பியிருக்கும். எதிராளியின் அடியைத் தடுத்து வாங்குவது, திடீரென்று முன்னே பாய்வது, ஸ்பெஷல் அடியை இன்னும் பலமாக்குவது என்று எல்லாவற்றுக்கும் இதிலிருந்துதான் செலவழிக்க வேண்டும். செலவு எல்லை மீறி மீட்டர் காலியானால் 'பர்ன்அவுட்'. நம் ஆளின் நிறமே வெளிறிவிடும், எதிராளியின் ஸ்பெஷல் அடியை பிளாக் செய்து தடுத்தாலும் உயிர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். மாதக் கடைசியில் பர்ஸ் காலியாக இருக்கும்போது விருந்தாளி வந்து நிற்பதைப் போன்ற நிலைமை அது. பணத்தை எங்கே விட்டோம் என்று நமக்கே தெரியும்.

இதில் 'டிரைவ் இம்பாக்ட்' என்று ஒன்று உண்டு. புதியவர்கள் முதலில் அடிவாங்குவது இதனிடம்தான், அதனால் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். எதிராளி பலமான குத்தும் பலமான உதையும் சேர்த்து அழுத்தினால், திரையில் வண்ண மையை வாரி இறைத்தது போல ஒரு பெரிய அடி கிளம்பும். வரும் வழியில் நம்முடைய அடி இரண்டு வரை தாங்கிக்கொள்ளும். சுவரோரம் நின்று பிளாக் செய்தால்கூடச் சுவரில் மோத வைத்து நம்மைக் கலங்கடித்துவிடும். முதல் தடவை பார்க்கும்போது இது என்ன அநியாயம் என்று தோன்றும். ஆனால் அந்த அடி வந்து சேர 26 ஃபிரேம் ஆகும், அதாவது அரை விநாடிக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் மையின் நிறம் கண்ணில் பட்டதும் நாமும் அதே இரண்டு பட்டனை அழுத்தினால், பிந்தி அடித்தவர் பக்கம்தான் ஜெயம். இது ஒரு தடவை கைக்கு வந்துவிட்டால் போதும், நேற்று வரை நம்மைத் துவைத்தவர்கள் இன்று அதே அடியை எடுக்கத் தயங்குவார்கள். தப்பு தெரிந்தது, மருந்தும் தெரிந்தது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இன் பெரிய பலம் இதுதான்.

பயிற்சி அறையும் அதே மனசோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு அடியும் எத்தனை ஃபிரேமில் தொடங்குகிறது, எத்தனை ஃபிரேம் உயிரோடிருக்கிறது, எத்தனை ஃபிரேம் நாம் திறந்த மார்போடு நிற்கிறோம் என்பதை வண்ணக் கட்டங்களாகத் திரையிலேயே ஓடவிடுகிறார்கள். இந்தக் கணக்கை முன்பெல்லாம் இணையத்தில் அட்டவணை தேடித்தான் படிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு கேரக்டருக்கும் எப்படி ஆட வேண்டும் என்ற பாடமும் உள்ளேயே இருக்கிறது. எதிராளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்பதை ஒலியாலேயே உணர்த்தும் வசதியையும் வைத்திருக்கிறார்கள். பார்வை இல்லாதவர்களும் இதை ஆடுகிறார்கள். அதற்காகவே கேப்காமுக்கு ஒரு கும்பிடு.

அப்புறம் 'மாடர்ன்' கன்ட்ரோல். பழைய முறையில் கால் வட்டம், அரை வட்டம் என்று விரலால் கோலம் போட்டால்தான் ஹடோக்கென் என்ற நெருப்புப் பந்து வரும். மாடர்னில் ஒரே பட்டன். இந்தக் குறுக்குவழியில் போட்ட ஸ்பெஷல் அடிக்கு 20 சதவீதம் பலம் குறையும், சில சாதாரண அடிகளும் கிடைக்காது. வயசான ரசிகர்கள் சிலர் இதைக் கேவலமாகப் பேசுவார்கள், காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஷோர்யூக்கன் என்ற எகிறிக் குத்தும் அடியைப் பழகும் வேலையில் முதல் ஆறு மாதம் கழியாமல், எப்போது அடிக்க வேண்டும் என்று யோசிப்பதில் கழிந்தால் நல்லதுதானே.

குறைகளும் இருக்கின்றன, சின்னக் குறைகள் அல்ல. முதலாவது, மூலை. எதிராளி நம்மைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் தூக்கி எறிவான், எழுந்ததும் மறுபடி தூக்கி எறிவான். எறிவதைத் தடுக்கப் போனால் அடிப்பான், அடியைத் தடுக்கப் போனால் எறிவான். யூகித்துத்தான் தப்பிக்க வேண்டும். கேம் வந்த நாளிலிருந்து ஆட்டக்காரர்கள் அதிகம் அலுத்துக்கொள்வது இதற்குத்தான். இரண்டாவது, டிரைவ் என்ற அமைப்பு எல்லாருக்கும் பொது என்பதால் வேறு வேறு கேரக்டர்களும் ஒரே மாதிரி பச்சை ஒளியோடு பாய்ந்து வருவார்கள். தூரத்தில் நின்று கையை நீட்டி அடிக்கும் நம்ம தல்சிம்கூடச் சில நேரம் பாய வேண்டியிருக்கிறது. மூன்றாவது, தனியாக ஆடுபவர்களுக்கான 'வேர்ல்டு டூர்'. நாமே ஓர் ஆளை உருவாக்கி, மெட்ரோ சிட்டி தெருக்களில் சுற்றி, ரியூ, சுன்லி போன்றவர்களிடம் சிஷ்யனாகச் சேரலாம். ரோட்டில் போகிற பாட்டியைக்கூடச் சண்டைக்குக் கூப்பிடலாம். முதல் சில மணி நேரம் சிரித்துக்கொண்டே ஆடுவோம். அதன் பிறகு அதே ரவுடிகள், அதே ஓட்டம், உப்புச்சப்பில்லாத கதை. கதைக்காக இதை வாங்க வேண்டாம்.

டெக்கன் 8-க்கு வருவோம். நம் ஊரில் 'டெக்கன் 3' ஆடாமல் வளர்ந்தவர்கள் குறைவு. பட்டன்களைக் கண்டபடி தட்டினாலே எட்டி கோர்டோ காலைச் சுழற்றிச் சுழற்றி ஜெயிப்பான். அந்தப் பாசத்தோடு டெக்கன் 8-ஐ வாங்குபவர்களிடம் முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். பெட்டியில் வரும் 32 பேரில் எட்டி இல்லை. பிறகு தனிக் காசுக்கு வந்தான்.

முதல் பத்து நிமிஷத்தில் மூன்று கேம்களிலும் அதிக சந்தோஷம் தருவது டெக்கன்தான். நான்கு பட்டன், நான்கு கை கால். எதைத் தட்டினாலும் ஏதோ ஒரு அழகான அடி வருகிறது. பக்கவாட்டில் நகரலாம், தரை உடையும், சுவர் உடையும், அடியின் சத்தம் நெஞ்சில் விழும். அன்ரியல் என்ஜின் 5-இல் செய்திருக்கிறார்கள். வேர்வைத்துளி வரை தெரிகிறது. ஹெய்ஹாச்சி, கசுயா, ஜின் என்று மூன்று தலைமுறையாக நீளும் அப்பன் மகன் பகையின் அடுத்த அத்தியாயம்தான் கதை. கொஞ்சம் அபத்தம்தான், ஆனால் கூச்சமே இல்லாத அபத்தம் என்பதால் ரசிக்க முடிகிறது.

பத்தாவது நிமிஷத்துக்குப் பிறகுதான் சிக்கல். ஒவ்வொரு கேரக்டருக்கும் நூறுக்கு மேல் அடிகள். அடிகளெல்லாம் மேல், நடு, கீழ் என்று பிரியும். மேல் அடிக்குக் குனியலாம், நடு அடிக்கு நின்று பிளாக் செய்ய வேண்டும், கீழ் அடிக்கு உட்கார்ந்து பிளாக் செய்ய வேண்டும். ஹுவாராங் என்ற கொரியப் பையன் தொடர்ச்சியாக உதைத்துக்கொண்டே வருகிறான் என்று வையுங்கள். அந்தத் தொடரில் எந்த உதை மேலே வருகிறது என்று தெரிந்தவர், சரியாக அந்த இடத்தில் குனிந்து, எழும்போதே அவனைக் காற்றில் தூக்கிவிடுவார். அதன் பிறகு அவன் தரையைத் தொடவே நேரமாகும். தெரியாதவர் எல்லா உதையையும் பிளாக் செய்துகொண்டே நின்று, கடைசியில் கீழே வரும் ஒன்றை வாங்கிக்கொண்டு விழுவார். இருவருக்கும் திறமையில் பெரிய வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம். ஒருவருக்கு அந்த ஒரு தகவல் தெரியும், மற்றவருக்குத் தெரியாது. அந்த மாதிரித் தகவல் ஒவ்வொரு கேரக்டரிடமும் டஜன் கணக்கில் இருக்கிறது. அதனால்தான் டெக்கனில் தோற்றால் 'எதனால்' என்று நம்மால் சுலபத்தில் சொல்ல முடிவதில்லை.

கேமை எழுதியவர்களுக்கும் இது தெரியும். நாம் ஆடிய மேட்ச்சின் பதிவைத் திரும்பப் பார்க்கும்போது, 'இந்த இடத்தில் நீ இதை அடித்திருக்கலாம்' என்று டெக்கன் 8 சொல்கிறது. அதோடு நிற்காமல் பதிவின் நடுவிலேயே நாம் கன்ட்ரோலை வாங்கி அதே தருணத்தை மறுபடி ஆடிப் பார்க்கலாம். அருமையான யோசனை, இதற்காகவே டெக்கனுக்குத் தனி மதிப்பெண் போடலாம். நம் ஆட்டத்தைப் பார்த்து அதே மாதிரி ஆடப் பழகும் 'கோஸ்ட்' ஒன்றும் உண்டு. நம்மோடு நாமே மோதிப் பார்த்தால் நம்முடைய கெட்ட பழக்கங்கள் கூசவைக்கும். இருந்தாலும் தோற்ற எரிச்சலில் இருப்பவர் உட்கார்ந்து பதிவைப் பார்க்கும் மனநிலையில் இருப்பாரா என்பது வேறு கேள்வி.

உண்மையில் டெக்கனைக் கற்றுத்தருவது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள். லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ் 2019-இல் ஜப்பானில் நடந்த ஈவோ என்ற பெரிய சண்டை கேம் போட்டிக்குப் போய்ச் சேர்வதற்கே படாதபாடு பட்டார். உலகம் அதுவரை கேள்விப்படாத அந்த ஆட்டக்காரர் அங்கே பட்டம் வென்றபோது, எங்கள் ஊரில் என்னைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள் என்றார். அப்போது உலகின் முன்னணி ஆட்டக்காரராக இருந்த கொரியாவின் 'நீ' (Knee) என்ற பட்டப்பெயர்க்காரர் அதைச் சோதித்துப் பார்க்கப் பாகிஸ்தானுக்கே போய் அடிவாங்கித் திரும்பினார். பெரிய பணமோ ஸ்பான்சரோ பின்னால் இல்லாமல், கேம் கடைகளில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆடி வளர்ந்த கூட்டம் அது. அர்ஸ்லான் அதன் பிறகு அமெரிக்க ஈவோவிலும் 2019, 2023, 2024, 2025 என்று பட்டங்களைக் குவித்துவிட்டார். 2025-இல் இறுதிப் போட்டியில் அவருக்கு எதிரே உட்கார்ந்ததும் இன்னொரு பாகிஸ்தானியர்தான். 'டேய், அதுக்குக் குனியணும்டா' என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தால், நூறு அடிகளின் பாரம் பாதியாகக் குறைந்துவிடும்.

டெக்கன் 8-இன் இன்னொரு குறை அதன் வேகம். 'ஹீட்' என்ற புது அமைப்பு, ரவுண்டுக்கு ஒரு தடவை நம்மைக் கொஞ்ச நேரம் பேயாட்டம் ஆட வைக்கும். அந்த நேரத்தில் பிளாக் செய்தாலும் எதிராளிக்கு உயிர் கசியும். தாக்குபவனுக்குக் கொண்டாட்டம், தடுப்பவனுக்குத் திண்டாட்டம். பொறுமையாகப் பின்வாங்கி, எதிராளி தவறவிடுவதைப் பார்த்து அடிக்கும் பழைய டெக்கன் ரசிகர்கள் ஆரம்பத்திலிருந்தே இதைப் பற்றிப் புலம்பினார்கள். ஏப்ரல் 2025-இல் இரண்டாவது சீசன் வந்தபோது தடுப்பாட்டம் பலப்படும் என்று எதிர்பார்த்திருந்தவர்களுக்கு, தாக்குதலே இன்னும் பலமாகிக் கிடைத்தது. கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் எதிர்மறை விமர்சனங்கள் மலைபோலக் குவிந்தன. அவசர அவசரமாகத் திருத்தங்கள் வந்தன, கோபம் ஓரளவு தணிந்தது. ஆனாலும் இதை எந்தத் திசையில் கொண்டுபோவது என்பதில் ஒரு தடுமாற்றம் தெரிகிறது என்பது என் கணிப்பு.

மார்ட்டல் காம்பாட் 1 பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. கதை என்று பார்த்தால் மூன்றில் இதுதான் ராஜா. தேர்ந்த நடிப்பு, சண்டைக்கும் காட்சிக்கும் இடையில் தையலே தெரியாத ஓட்டம், இரண்டு மூன்று ராத்திரிகளில் ஒரு நல்ல படத்தொடர் பார்த்த திருப்தி. 'கேமியோ' என்று துணைக்கு ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு சண்டை போடுவதும் சுவாரஸ்யமான யோசனைதான். ஆனால் கதை முடிந்த பிறகு தனியாளுக்கு மிஞ்சும் 'இன்வேஷன்ஸ்' பகுதி வெறும் அலுப்பு. மே 2025-இல் இனிப் புதுக் கேரக்டர்களோ கதையோ வராது என்று அறிவித்துவிட்டார்கள். மற்ற இரண்டுக்கும் ஆண்டுதோறும் புதியவர்கள் வந்துகொண்டிருக்கும்போது, முழு விலை கொடுத்து இதை வாங்கக் காரணம் இல்லை. தள்ளுபடியில் கிடைத்தால் கதைக்காக வாங்கலாம். நின்டெண்டோ ஸ்விட்ச் பதிப்பைத் தள்ளுபடியிலும் தொட வேண்டாம், வெளிவந்தபோதே சிரிப்பாய்ச் சிரித்த பதிப்பு அது. அப்புறம் எலும்பு நொறுங்குவதும் குடல் வெளியே வருவதும் இந்த வரிசையின் அடையாளம். ஹாலில் டிவி இருக்கிற, சின்னப் பிள்ளைகள் நடமாடுகிற வீட்டுக்கு இது ஒத்துவராது.

ஆன்லைன் விஷயத்தில் மூன்றுமே 'ரோல்பேக்' முறையில் இயங்குகின்றன. எதிராளி அடுத்து என்ன அழுத்துவார் என்று கேம் முன்கூட்டியே யூகித்து ஓட்டிவிட்டு, யூகம் தப்பானால் சட்டென்று திருத்திக்கொள்ளும். ஆள் பக்கத்து நாட்டில் இருந்தால் தொந்தரவே தெரியாது. கடல் தாண்டி வெகுதூரம் என்றால் கேரக்டர்கள் இங்கிருந்து அங்கே தாவுவார்கள். இதில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஒரு படி மேலே. எதிராளி வைஃபையில் இருக்கிறாரா கேபிளில் இருக்கிறாரா என்று ஸ்ட்ரீட் ஃபைட்டரும் டெக்கனும் மேட்ச்சுக்கு முன்பே காட்டிவிடும். வைஃபை என்று தெரிந்ததும் வேண்டாம் என்பவர்கள் நிறைய. ஆகவே ரௌட்டரிலிருந்து ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள். பிளேஸ்டேஷனில் இந்த மூன்றையும் ஆன்லைனில் ஆட பிஎஸ் பிளஸ் சந்தா வேண்டும், அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காசு பிடுங்குவதில் மூவரும் சளைத்தவர்கள் அல்ல. நிஞ்ஜா ஆமைகளின் உடைகளுக்குக் கேப்காம் வைத்த விலையைப் பார்த்து 2023-இல் ரசிகர்கள் கொதித்தார்கள். டெக்கனில் கடை என்ற ஒன்றே கேம் வெளிவந்து, விமர்சனங்களெல்லாம் எழுதி முடிந்த பிறகுதான் முளைத்தது. அந்த ஆண்டே ஒரு மேடையைத் தனியாக விற்று இன்னொரு சச்சரவு. மார்ட்டல் காம்பாட் ஹாலோவீனுக்கு ஒரு கொலைக் காட்சியையே விற்றது. இவை எதுவும் ஜெயிப்பதற்கு உதவாது, கண்ணை மூடிக்கொள்ளலாம். புதுக் கேரக்டர்கள் அப்படியல்ல. அவர்களை வாங்காவிட்டாலும் எதிரே வந்து நின்று அடிப்பார்கள். அதனால் வெறும் கேமை இப்போதைய விலைக்கு வாங்குவதைவிட, முந்தைய ஆண்டுகளின் கேரக்டர்களைச் சேர்த்து விற்கும் தொகுப்பு தள்ளுபடிக்கு வரும்வரை காத்திருப்பது லாபம்.

சரி, எதை வாங்குவது? வேலை முடிந்து வந்து, ராத்திரி தனியாக உட்கார்ந்து, ஆன்லைனில் முகம் தெரியாதவர்களோடு மோதப்போகிறீர்கள் என்றால் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6. அங்கே உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை, கேமேதான் சொல்லித்தர வேண்டும். அதை நன்றாகச் செய்வது இது ஒன்றுதான். கையில் பிஎஸ்4 தான் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், மூன்றில் அதில் ஓடுவதும் இது மட்டும்தான்.

வீட்டில் அண்ணன் தம்பி, அறையில் நண்பர்கள் என்று இரண்டாவது கன்ட்ரோலரைப் பிடிக்க ஆள் இருக்கிறது, வார இறுதியில் கூச்சல் போட்டு ஆட வேண்டும் என்றால் டெக்கன் 8. அங்கே எல்லாரும் ஒரே அளவு தெரியாதவர்களாக இருப்பதால் நூறு அடிகள் பயமுறுத்தாது, கொண்டாட்டமாகிவிடும். அதே கூட்டத்துக்கு ஸ்ட்ரீட் ஃபைட்டரைக் கொடுத்தால், முதலில் கற்றுக்கொண்ட ஒருவனே எல்லாரையும் அடித்துக்கொண்டிருப்பான், மற்றவர்கள் போனை எடுத்துவிடுவார்கள். நண்பர்கள் ஏற்கெனவே ஒன்றை ஆடுகிறார்கள் என்றால் நான் மேலே சொன்ன எதையும் கணக்கில் எடுக்காமல் அவர்கள் ஆடுவதையே வாங்குங்கள்.

இரண்டுக்கும் நடுவில் மனசு ஊசலாடினால், ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கும் டெக்கனுக்கும் இலவச டெமோ வெளிவந்திருக்கிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் டெமோவில் லூக்கும் ரியூவும், டெக்கன் டெமோவில் ஜின், கசுயா, பால், நீனா நால்வரும் கிடைப்பார்கள். கம்ப்யூட்டரோடு மட்டும் ஆடி முடிவெடுக்காதீர்கள், அது வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கும். விட்டுக்கொடுக்காத ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து இரண்டையும் ஆடுங்கள்.